அம்மாவின் கை நின்ற இடங்கள்

அப்பாவுக்கு நினைவு மலர் போடுகிறோம் என்று தெரிந்ததும் தொலைபேசியில் பேசிய உறவினர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். கட்டுரை அழுகையாக இருக்கக்கூடாது. அப்பாவைப் பற்றியது அல்லவா, படித்தால் சிரிப்பு வர வேண்டும். சொல்வது சுலபம். நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். வகுப்பில் சிரித்த பிள்ளைகளை வெளியே நிற்க வைத்துத்தான் எனக்குப் பழக்கம். ஆனால் அப்பாவுக்கு நான் ஒரே மகள், இந்த வேலையை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. அதோடு, அப்பாவைப் பற்றி உங்களில் ஒருவருக்கும் தெரியாத விஷயம் ஒன்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் இந்த மலரை உங்கள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்பா பிறந்தது மருங்காபுரிப் பக்கத்தில் ஒரு மானாவாரிக் கிராமம். மழை பெய்த வருடம் கடலை விளையும், பெய்யாத வருடம் பேச்சு விளையும் என்று தன் ஊரைப் பற்றி அப்பா சொல்வார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். ஒரு தூரத்து உறவினரின் தயவில் திருச்சிக்கு வந்து, பாதிரியார்கள் நடத்திய கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தார். அந்த விடுதியில்தான் அவருக்கு மேடை கிடைத்தது. ஆண்டு விழாவில், சோற்றை அளந்து போடும் சாப்பாட்டு அறைப் பொறுப்பாளரைப் போலப் பேசிக் காட்டினாராம். முன் வரிசையில் இருந்த பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தாராம். இனி பசியைப் பற்றிச் சொன்னால் யாரும் பரிதாபப்பட மாட்டார்கள், சிரிப்பார்கள், அதுவே மேல் என்று அன்றைக்குத் தோன்றியதாக என்னிடம் ஒரு முறை சொன்னார்.

படிப்பு முடிந்து அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை கிடைத்தது. மண்ணச்சநல்லூரிலிருந்து அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு தென்னூரில் வாடகைக்குக் குடிவந்தார். அம்மாவுக்குப் பெற்றோர் இல்லை, வளர்த்தவர் அண்ணன். அரிசி ஆலை வைத்திருக்கும் அந்த மாமாவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவரைத் தெரியாதவர்களுக்கும் அவருடைய கோபத்தைத் தெரியும்.

அலுவலக விழாவில் தொடங்கி, கோயில் திருவிழா, மாதா கோயில் திருவிழா, கல்லூரி விழா, குடியிருப்புப் பொங்கல் விழா என்று இந்த வட்டாரத்தில் அப்பா நகைச்சுவை பேசாத இடம் குறைவு. அரைக்கைச் சட்டை, மின்சார மீட்டர் பார்க்க வந்தவரைப் போல ஒரு முகம். ஒரே ஒரு முறை தவிர மேடையில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒருவருடைய நிறம், உடம்பு, சாதி, திக்குவாய் இவற்றை வைத்து அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பருமனான ஓர் அதிகாரியை மேடையில் கொஞ்சம் வாரிவிடும்படி விழாக்காரர்கள் கேட்டபோது, அவர் உடம்பை அவர்தானே சுமக்கிறார், நமக்கு என்ன கஷ்டம் என்று கேட்டுவிட்டு மேடையேறினார்.

அவர் பேசியதெல்லாம் தன் வீட்டைப் பற்றித்தான். இன்னும் சரியாகச் சொன்னால், 'வீட்டுக்காரம்மா'வைப் பற்றித்தான். உங்களுக்கெல்லாம் மனப்பாடமான அந்தச் சாம்பார் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்திலிருந்து வந்த கணவர் சாம்பாரில் உப்பு இல்லை என்கிறார். மனைவி அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் பதில் சொல்கிறாள்: "நேத்து உப்பு கூடன்னீங்க. அந்தச் சாம்பார் இன்னும் இருக்கு. ரெண்டையும் கலந்துக்கோங்க." இங்கே கூட்டம் சிரிக்கும். அப்பா அந்த மீட்டர் முகத்தோடு சொம்பிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். கூட்டம் மறுபடியும் சிரிக்கும்.

இதனால் அம்மாவுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். அம்மா பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர், இன்றைக்குச் சாம்பார் எப்படி என்று கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார். அம்மா வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். இவ்வளவு வாயாடியை வைத்துக்கொண்டு எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறாரோ என்று அப்பாவுக்காக இரக்கப்பட்டவர்களும் உண்டு. இந்த மலரைப் படிக்கிறவர்களிலும் சிலர் இருப்பீர்கள், நான் பெயர் சொல்லப்போவதில்லை. அம்மா யாரிடமும் அதிகம் பேசாதவர். எல்லாவற்றுக்கும் மெல்லத் தலையை ஆட்டிவிட்டு இலையில் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

மாமாவால் இதைத் தாங்க முடியவில்லை. தாய் தகப்பன் இல்லாத பெண்ணைக் கண்ணும் கருத்துமாக வளர்த்துக் கொடுத்தால், அவளை ஊர் சிரிக்க வைத்துப் பெயர் வாங்குகிறார் மாப்பிள்ளை என்று அவருக்கு ஆத்திரம். அப்பாவின் ஒரு நிகழ்ச்சியில் பாதியில் எழுந்து போனவர், அதன் பிறகு ஒன்றுக்கும் வரவில்லை.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பதில்களை எல்லாம் சொன்னது அம்மா.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தென்னூர் வீட்டின் அடுப்படியில் அம்மா வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காய் நறுக்குவார். அப்பா வாசற்படியில் நின்று புதிதாகச் சேர்த்த கதையைச் சொல்லிப் பார்ப்பார். முகம் பார்த்துச் சொல்ல மாட்டார். முகத்தைப் பார்த்தால் அம்மா மரியாதைக்குச் சிரித்துவிடுவாராம், அது எதற்கும் உதவாது. அம்மாவின் கையைத்தான் அப்பா கவனிப்பார். கதை சுமாராக இருந்தால் அரிவாள்மணையில் கை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நன்றாக இருந்தால் கை நிற்கும். கை நின்ற இடங்களை மட்டும் அப்பா மேடைக்கு எடுத்துப் போவார்.

மனைவி பேசும் இடம் வந்ததும் அம்மா குறுக்கிடுவார். "அந்த எடத்துல நான் அப்படிச் சொல்லமாட்டேங்க," என்பார். அப்பா எழுதியிருந்த பதிலில் மனைவி கத்துவாள், அல்லது சட்டியைப் போட்டு உடைப்பாள். அம்மா அந்தச் சட்டியைக் கதையிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் ஒரு பதில் சொல்வார். கதை நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். உப்பும் அப்படி வந்ததுதான். மேடையில் போர்த்திய பொன்னாடையோடு அப்பா வீட்டுக்கு வரும் கதையில், "சன்னலுக்குப் போட்டா வெளிச்சம் அடைக்குது, மிதியடியாப் போட்டா மரியாதை இல்ல. அடுத்த கூட்டத்துல ரெண்டு தலகாணி உறையாக் கேட்டுப் பாருங்க" என்று வருமே, அதுவும் அம்மாதான். கையிலே வெண்டைக்காயோடு சொன்னார். நான் அப்போது பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். நான்தான் சாட்சி, வேறு சாட்சி கிடையாது.

இதை மேடையில் சொல்லிவிடலாமே என்று அப்பா பல முறை கேட்டிருக்கிறார். அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. "நான் சொன்னதுன்னு தெரிஞ்சா சிரிக்கமாட்டாங்க. பொம்பளைக்கு எவ்வளவு திமிருன்னுவாங்க. நீங்க சொன்னா அது நகைச்சுவை," என்றார். நீங்கள் மேடையேறுகிற காலம் வரைக்கும் இதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார். சொந்த அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. அண்ணனுக்குத் தெரிந்தால் பெருமையில் மண்ணச்சநல்லூர் முழுக்கச் சொல்லிவிடுவார் என்று அம்மாவுக்குத் தெரியும்.

அப்பா ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் முன்பு ஒரு புதுக்கதையில் இருந்தார். ஓய்வு பெற்ற கணவர் வீட்டுக்கு வந்து, மாலையைக் கழற்றி மாட்டிவிட்டு, மனைவியிடம் பெருமையாகச் சொல்கிறார்: "இனிமே நாள் முழுக்க நான் உன்கூடத்தான்." அதற்கு மனைவி என்ன சொல்கிறாள்? அப்பாவிடம் பதில் இல்லை. வாசற்படியில் நின்று கேட்டார். அம்மாவின் கை நின்றது. "நல்லா இருக்குங்க. இருங்க, யோசிச்சுச் சொல்றேன்," என்றார்.

அந்த வாரமே அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. மருத்துவமனைக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

காரியம் முடிந்த அன்று, எல்லோரும் இருக்கும்போது மாமா அப்பாவின் எதிரே வந்து நின்றார். "இனிமேலாவது என் தங்கச்சிய மேடையில இழுக்காதீங்க மாப்ள," என்றார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அதைச் சம்மதம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சில மாதங்களில் அப்பா மறுபடியும் மேடையேறி வீட்டுக்காரம்மாவைப் பற்றிப் பேசினார், அதுவும் அம்மா உயிரோடு இருப்பதுபோலவே. மாமா பேச்சை அடியோடு நிறுத்திவிட்டார். உறவினர்களில் பலரும் அவர் பக்கம் நின்றார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. தெரியாதவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்?

மாமாவிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாமே என்று அப்பாவிடம் கெஞ்சினேன். "அவ வேணாம்னுட்டு போயிட்டாம்மா. இப்ப யார்கிட்டப் போய் மறுபடி கேக்குறது?" என்றார்.

ஓய்வு பெற்றதும் இருவருமாக இருக்க வேண்டும் என்று ஸ்ரீரங்கத்தில் பார்த்து வைத்திருந்த அடுக்ககத்துக்கு அப்பா தனியாகப் போனார். எங்கள் வீட்டோடு வந்துவிடச் சொல்லி நானும் என் கணவரும் கேட்டும் வரவில்லை. பள்ளி விட்டதும் நான் பஸ் பிடித்துப் பாலம் தாண்டிப் போய் இரவுச் சாப்பாட்டை வைத்துவிட்டு வருவேன். அவருக்கு அங்கே யாரோடும் பழக்கமில்லை. லிப்டில் பார்க்கிறவர்கள் வணக்கம் சொல்லிவிட்டு, இவர் ஏதாவது வேடிக்கையாகச் சொல்வார் என்று முகத்தையே பார்ப்பார்களாம். அதற்குப் பயந்து மாடிப்படி ஏறத் தொடங்கினார்.

விழா நடத்துகிறவர்களில் பலருக்கு அம்மா இறந்தது தெரியாது. அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, இது வீட்டுக்காரம்மாவுக்கு என்று சொல்லித் தட்டில் புடவை, பூ, மஞ்சள் குங்குமம் வைத்துக் கொடுப்பார்கள். இத்தனை நேரம் அந்த அம்மாவை நினைத்துச் சிரித்த கூட்டத்துக்கு முன்னால் அவள் இல்லை என்று எப்படிச் சொல்வது? அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். மறுநாள் அந்தப் புடவை என்னிடம் வரும். பள்ளிக்கு நான் கட்டிக்கொண்டு போகிற புடவைகளில் பாதி அம்மாவுக்கு வந்தவை.

ஒரு நாள் பிற்பகல் பள்ளி சீக்கிரம் விட்டுவிட்டது. என்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்துகொண்டு போனேன். அப்பா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே யாருமில்லை. அணைந்த அடுப்பையும் கவிழ்த்துவைத்த ஒரு டம்ளரையும் பார்த்து, "இனிமே நாள் முழுக்க நான் உன்கூடத்தான்," என்று மேடைக்குரலில் சொன்னார். சொல்லிவிட்டு நின்றார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வெளியே வந்து, கொஞ்ச நேரம் கழித்து மணியடித்தேன். அன்று எனக்கு வந்த அழுகையைப் போல அம்மா போன அன்றுகூட வரவில்லை.

அம்மா இறந்த பிறகு அவர் தனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டார். அம்மா கொடுத்த பதில்களை மட்டும்தான் மேடை மனைவி பேசுவாள். புதிதாக ஒரு சொல்கூட இவராக அவள் வாயில் வைக்கமாட்டார். அப்படியானால் அந்த ஓய்வுக் கதையை விட்டுவிட வேண்டியதுதானே? விடவும் மாட்டார். "இனிமே நாள் முழுக்க நான் உன்கூடத்தான்" என்று சொல்லிவிட்டு, வலது பக்கம் லேசாகத் திரும்பிக் காத்திருப்பார். பதில் வராது. அவர் காத்திருக்கக் காத்திருக்க, கூட்டத்தில் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பதிலை நினைத்துக்கொண்டு சிரிப்பார்கள். அரங்கமே குலுங்கும். இப்படிச் சும்மா நின்றே சிரிக்க வைக்க இவரைவிட்டால் ஆளில்லை என்று பாராட்டினார்கள். எங்கே பேச்சை நிறுத்துவது என்பதில் இவர் மன்னன் என்று ஒரு பேராசிரியர் மேடையிலேயே விளக்கிப் பேசினார். நானும் கைதட்டினேன், வேறு என்ன செய்ய? அவர் நிஜமாகவே காத்திருந்தார் என்பதை அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் அறிவேன்.

அந்தப் பதிலை நானே கொடுத்துவிடலாம் என்று பார்த்தேன். சாப்பாடு பரிமாறும்போது, "அப்ப நான் வேலைக்குப் போறேன்னு சொல்லியிருப்பாங்கப்பா," என்றேன். அப்பா யோசித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அவ சொல்லமாட்டா." வேறு வேறு மாதிரியாகவும் சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அதே தீர்ப்பு. விடைத்தாளில் நான் பிள்ளைகளுக்குக்கூட அப்படிப் பூஜ்யம் போட்டதில்லை.

ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மகளிர் சங்க விழா. அதுதான் கடைசி நிகழ்ச்சி என்று அன்று எங்களுக்குத் தெரியாது. அப்பா வழக்கம்போல அந்த இடத்துக்கு வந்தார், திரும்பினார், காத்திருந்தார். சிரிப்பு எழுந்து அடங்குகிற நேரத்தில், நடு வரிசையிலிருந்து ஒரு வயதான அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். "சரி சரி, பெருக்குறப்ப மட்டும் காலைத் தூக்கிக்கோங்க."

மண்டபம் கூரை பிய்ந்துவிடும்போலச் சிரித்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். மேடையில் நின்று, பல் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தி, அந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, மிச்சத்தைப் பேசாமலே இறங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "உங்கம்மா இதைச் சொல்லியிருக்கமாட்டா," என்றார். நான் ஆமாம் என்றேன். "ஆனா நான் சிரிச்சுட்டேம்மா," என்று சொல்லி அழுதார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அம்மாவின் காரியத்தில்கூட அவர் கண் கலங்கவில்லை. அதைக் கவனித்துச் சொன்னவர்களும் உங்களில் இருக்கிறீர்கள்.

அந்தப் பதிலை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அம்மா ஒன்றும் சொல்லமாட்டார் என்றேன். அது அந்த அம்மாவின் சொத்து என்று மறுத்துவிட்டார். அதன் பிறகு வந்த அழைப்புகளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லத் தொடங்கினார். சொல்லிச் சொல்லியே உண்மையிலும் உடம்பு கெட்டது. இதயம் பலவீனமாகிவிட்டதென்று மருத்துவர்கள் சொன்னார்கள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்து வீட்டிலேயே தங்கினேன். பேச்சு மிகவும் குறைந்துவிட்டது. கஞ்சி புகட்டும்போது ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி நான் எங்க மேடையேறப்போறேன். என் வாக்கு முடிஞ்சுடுச்சு. உங்க மாமாகிட்ட நீ சொல்லிடு," என்றார். அதற்கு அடுத்த வாரம், ஒரு காலை வேளையில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆகிவிட்டது. மாமா அப்பாவின் காரியத்துக்கு வந்தார், ஓரமாக நின்றார், மாலை போட்டார், போய்விட்டார். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு வாய் வரவில்லை. இந்த மலர் அச்சுக்குப் போகவேண்டி வந்தபோதுதான், மாமாவுக்குத் தெரியாமல் ஊருக்குத் தெரியக்கூடாது என்று மண்ணச்சநல்லூருக்குப் போனேன்.

அதற்கு முன் நன்றி சொல்லிவிடுகிறேன். அப்பாவைக் கடைசி வரை கவனித்த மருத்துவர்கள், செவிலியர்கள், மாடிப்படியில் அவர் இளைத்து நின்றபோதெல்லாம் கைப்பிடித்து ஏற்றிவிட்ட பக்கத்து வீட்டுக் குடும்பத்தார், அவருக்கு மேடை கொடுத்த ஊர்க்காரர்கள், எனக்குத் தோள் கொடுத்த என் கணவர் எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். பெயர் தெரியாத அந்த ஸ்ரீரங்கத்து அம்மாவுக்கும். நீங்கள் அன்று அப்பாவைச் சிரிக்க வைத்தீர்கள் அம்மா. அது என்னால் முடியவில்லை.

மாமாவுக்கு இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஆலையை மகன்கள் பார்க்கிறார்கள். நான் சொன்னதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. கோபமா, தூங்கிவிட்டாரா என்று எனக்குப் புரியவில்லை. கிளம்பலாம் என்று பையை எடுத்தேன்.

"பாப்பா, வேற என்னல்லாம் சொன்னா உங்கம்மா?" என்றார் மாமா.

மேடைக்கே போகாத ஒன்று இருக்கிறது என்றேன். ஒரு பொங்கலுக்கு மாமா வழக்கம்போல ஒரு மூட்டை அரிசியோடு தென்னூருக்கு வந்து போன பிறகு, மனைவியின் அண்ணன் வைத்திருக்கும் பாசத்தைப் பற்றி அப்பா ஒரு கதை கட்டிக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றார். அம்மா திரும்பாமலே சொன்னார்: "பாசமெல்லாம் இல்லங்க. தங்கச்சி வேற மில்லு அரிசி வாங்குறான்னு தெரிஞ்சா அவருக்கு வியாபாரம் படுத்துடும்." அப்பா அந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தார். ஆனால் அதை மேடையில் சொல்ல அம்மா விடவில்லை. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், எங்கள் அண்ணனைச் சொல்லாதீர்கள், அவர் மனசு தாங்காது என்றார். அப்பா கடைசி வரை சொல்லவில்லை.

மாமாவின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு சத்தமாக, இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். "அப்படியா சொன்னா, கழுதை," என்றார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாப்ள எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டார். அம்மாவின் பதிலை மறுபடியும் ஒரு முறை சொல்லச் சொன்னார், சொன்னேன், மறுபடியும் சிரித்தார். எத்தனையோ மண்டபங்களைச் சிரிக்க வைத்த அப்பா, அந்த ஒரு மனிதரின் சிரிப்பைக் கேட்காமலே போய்விட்டார்.